ஒரே ஆய்வுத்தாள், மூன்று எண்ணிக்கை: கணினி அறிவியலில் மேற்கோள் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

2017 இறுதியில் அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் நிறுவனம் ஒரு தரவரிசையை வெளியிட்டது. கணினி அறிவியல் ஆய்வில் உலகின் எந்தப் பல்கலைக்கழகம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. உடனே சி.ஆர்.ஏ. என்ற அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. வட அமெரிக்காவின் கணினி அறிவியல் துறைகளும் ஆய்வகங்களும் உறுப்பினர்களாக உள்ள சங்கம் அது. இந்தப் பட்டியலை யாரும் பொருட்படுத்த வேண்டாம் என்பதுதான் அறிக்கையின் சாரம்.

ஒரு துறையின் சொந்தச் சங்கமே அந்தத் துறையின் தரவரிசையை ஒதுக்கித் தள்ளச் சொன்னது ஏன்? பட்டியல், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் ஆய்விதழ்களுக்குக் கிடைக்கும் கணக்கை வைத்துத் தயாரானது. கணினி அறிவியலின் முக்கியமான ஆய்வுகளோ பெரும்பாலும் மாநாடுகளில்தான் வெளியாகின்றன. எண்ணியவர்கள் கூட்டலில் தவறு செய்யவில்லை. எண்ணப்பட வேண்டியதில் பெரும்பகுதி அவர்கள் கண்ணில் படவே இல்லை.

இதே சிக்கல் சிறிய அளவில் தினமும் நடக்கிறது. ஓர் ஆய்வாளரின் தாள்களை மற்றவர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்று கூகுள் ஸ்காலர் தரவுத்தளத்தில் தேடினால் ஒரு எண், ஸ்கோபஸில் அதைவிடக் குறைவு, வெப் ஆஃப் சயின்ஸில் இன்னும் குறைவு. மூன்றில் எது பொய் என்று கேட்கிறார்கள். மூன்றுமே உண்மையாக இருக்கலாம். எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

மேற்கோள் என்பது ஒரு கோடு

ஓர் ஆய்வுத்தாளின் கடைசியில், அது பயன்படுத்திக்கொண்ட முந்தைய ஆய்வுகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு மேற்கோள். புதிய தாளிலிருந்து பழைய தாளுக்குப் போடப்பட்ட கோடு என்று அதை நினைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கான தாள்களின் பட்டியல்களைச் சேர்த்து, கோடுகளைத் திருப்பி வைத்து, 'இந்தப் பழைய தாளை யார் யார் சுட்டியிருக்கிறார்கள்' என்று சொல்வதுதான் மேற்கோள் தரவுத்தளத்தின் வேலை.

இதை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஷெப்பர்ட்ஸ் என்ற ஏடு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று அதில் பார்க்கலாம். அதே முறையை ஆய்வுத்தாள்களுக்கும் செய்யலாம் என்று கார்ஃபீல்ட் 1955-இல் எழுதினார். 1960-களில் பிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய நிறுவனம் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸை வெளியிட்டது. நம் கல்லூரிகளில் இன்றும் 'எஸ்.சி.ஐ. பேப்பர்' என்று சொல்கிறார்களே, அந்த எஸ்.சி.ஐ. இதுதான். பல கைகள் மாறி இன்று கிளாரிவேட் நிறுவனத்தின் வெப் ஆஃப் சயின்ஸாக இருக்கிறது.

கார்ஃபீல்டின் திட்டத்தில் ஒரு முடிவு அடங்கியிருந்தது. உலகில் வெளியாகும் எல்லாவற்றையும் அட்டவணையில் ஏற்ற முடியாது. முக்கியமான ஆய்விதழ்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும், பெரும்பாலான மேற்கோள்கள் அவற்றுக்குள்ளேயே சுற்றும் என்று அவர் கருதினார். உயிரியலுக்கும் வேதியியலுக்கும் இது பொருந்தியது. கணினி அறிவியலுக்குப் பொருந்தவில்லை.

கணினி அறிவியலில் மாநாடு என்றால் என்ன?

மருத்துவத்திலும் உயிரியலிலும் மாநாடு என்றால் ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பி, போஸ்டர் மாட்டி, பேசிவிட்டு வருவது. முழு ஆய்வும் பிறகு ஆய்விதழில்தான் வரும்.

கணினி அறிவியலில் அப்படி இல்லை. ஆய்வாளர் எட்டு முதல் பன்னிரண்டு பக்கம் வரையிலான முழுத் தாளை அனுப்புகிறார். துறையறிந்த மூன்று நான்கு பேர் படித்து மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர் மறுமொழி எழுதுகிறார். பிறகு குழு கூடி முடிவு செய்கிறது. ஏற்கப்பட்ட தாள் மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகிறது. பெரும்பாலும் அதுவே ஆய்வின் இறுதி வடிவம்.

நெரிசல் எவ்வளவு என்று ஒரு கணக்கு: கணினிப் பார்வைத் துறையின் சி.வி.பி.ஆர். மாநாட்டுக்கு 2024-இல் 11,532 தாள்கள் வந்தன. ஏற்றவை 2,719. நூற்றுக்கு இருபத்து நான்குகூட இல்லை.

இந்த வழக்கம் வந்ததற்கு முதல் காரணம் வேகம். ஆய்விதழுக்கு அனுப்பினால் திருத்தம், மறுதிருத்தம் என்று ஒன்றிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். வன்பொருளும் மென்பொருளும் அதற்குள் மாறிவிடும். மாநாட்டுக்குக் கெடு தேதி உண்டு. சில மாதங்களில் முடிவு தெரிந்துவிடும். மற்ற துறைப் பேராசிரியர்கள் இதை ஏற்கத் தயங்கியதால், 1999-இல் சி.ஆர்.ஏ. ஒரு குறிப்பே வெளியிட்டது. டேவிட் பேட்டர்சன், லாரன்ஸ் ஸ்னைடர், ஜெஃப்ரி உல்மன் ஆகியோர் எழுதிய அந்தக் குறிப்பு, பதவி உயர்வின்போது கணினி அறிவியலாளர்களை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதைப் பற்றியது. உயர்தர மாநாட்டில் வந்த தாளை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள் என்று அது விளக்கியது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தத் தரவுத்தளம் எதைப் பார்க்கிறது?

வெப் ஆஃப் சயின்ஸ் ஒரே பெட்டி இல்லை, பல பெட்டிகள். ஆய்விதழ்களுக்குத் தனி அட்டவணை, மாநாட்டுத் தொகுப்புகளுக்குத் தனி அட்டவணை. மாநாட்டு அட்டவணையின் மேற்கோள்கள் 2008-இல்தான் மற்றவற்றோடு இணைக்கப்பட்டன. எந்தப் பெட்டிக்குப் பணம் கட்டியிருக்கிறதோ அதை மட்டும்தான் ஒரு நூலகத்தால் திறக்க முடியும். ஆகவே இரண்டு பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்து ஒரே பெயரைத் தேடினால் இரண்டு விடை வரலாம். தேடியவர்களுக்கே இது பல நேரம் தெரிவதில்லை.

ஸ்கோபஸ் எல்செவியர் நிறுவனத்துடையது, 2004-இல் வந்தது. மாநாட்டுத் தொகுப்புகளை இது தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. இதுவும் ஒரு குழு தேர்ந்தெடுக்கும் பட்டியல்தான்.

கூகுள் ஸ்காலரும் 2004-இல் வந்ததே. அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனுராக் ஆச்சார்யாவும் உருவாக்கியது. இதில் தேர்வுக் குழு இல்லை. இணையத்தில் ஆய்வுத்தாள் போலத் தெரிவதை எல்லாம் நிரல் எடுத்துக்கொள்கிறது: ஆய்விதழ், மாநாடு, முனைவர் பட்ட ஆய்வேடு, மதிப்பீட்டுக்குக் காத்திராமல் ஆர்கைவ் என்ற இணையத்தளத்தில் ஏற்றிய முன்வரைவு, தொழில்நுட்ப அறிக்கை. எண் பெரிதாக வருவதற்கு இதுவே காரணம்.

டி.பி.எல்.பி. வேறு வகை. ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லே 1993-இல் தொடங்கியது. இன்று டாக்ஸ்டூல் மையம் நடத்துகிறது. கணினி அறிவியலுக்கு மட்டுமான நூற்பட்டியல் இது. யார், எங்கே, எந்த ஆண்டு எழுதினார் என்று சொல்லும். அதன் மையப் பணி மேற்கோள் எண்ணுவது இல்லை, பெயர்களையும் தாள்களையும் துல்லியமாக வைத்திருப்பது. பல தரவரிசைகள் அடித்தளமாக இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

மைக்ரோசாஃப்ட் நடத்திவந்த மைக்ரோசாஃப்ட் அகாடமிக் 2021 இறுதியில் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 2022-இல் ஓப்பன் அலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம் வந்தது. பணம் கட்ட முடியாத கல்லூரிகளுக்கு இது பெரிய வரம்.

எண் எங்கெங்கே மாறுகிறது?

1. கோட்டின் இரண்டு முனைகளும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு மேற்கோள் கணக்கில் ஏற, சுட்டும் தாளும் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், சுட்டப்படும் தாளும் இருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: உங்கள் தாளை 300 ஆவணங்கள் சுட்டியிருக்கின்றன. அவற்றில் 120 முன்வரைவுகள், 90 மாநாட்டுத் தாள்கள், 55 ஆய்விதழ்க் கட்டுரைகள், 35 ஆய்வேடுகள். கூகுள் ஸ்காலர் 300 காட்டும். மாநாடுகளையும் ஆய்விதழ்களையும் மட்டும் பார்க்கும் தரவுத்தளம், எல்லாவற்றையும் பிடித்தால்கூட 145 காட்டும். ஆய்விதழ்ப் பெட்டி மட்டும் திறந்தால் 55. உங்கள் தாளே பட்டியலில் இல்லாத மாநாட்டில் வந்திருந்தால், உங்கள் பெயருக்குக் கீழே பூஜ்யம். அந்த 55 கட்டுரைகளின் பட்டியலில் உங்கள் தாள் எழுத்தாகப் பதிந்திருக்கும். தனியாகத் தோண்டினால் கிடைக்கும். ஆனால் சுயவிவரத்தில் ஏறாது.

2. எச்-இன்டெக்ஸுக்கு ஓர் உச்சவரம்பு தானாகவே விழுகிறது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்ன அளவு இது. குறைந்தது 20 முறை சுட்டப்பட்ட தாள்கள் உங்களிடம் 20 இருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் 20. ஒருவர் எழுதிய 30 தாள்களில் 25 மாநாட்டில் வந்தவை, 5 ஆய்விதழில் வந்தவை என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழை மட்டும் பார்க்கும் கணக்கில் அவருடைய எச்-இன்டெக்ஸ் எந்தக் காலத்திலும் 5-ஐத் தாண்டாது. அவர் உலகப் புகழ்பெற்றவராக இருந்தாலும் தாண்டாது.

3. ஒரே ஆய்வு பல பிறவி எடுக்கிறது. படத்தில் உள்ள பொருள்களைக் கண்டுபிடிக்கும் ஃபாஸ்டர் ஆர்-சி.என்.என். முறை 2015-இல் இயந்திரக் கற்றலின் நிப்ஸ் மாநாட்டில் வந்தது (அந்த மாநாட்டின் இன்றைய பெயர் நியூரிப்ஸ்). அதன் விரிவான வடிவம் 2017-இல் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ.யின் பாமி ஆய்விதழில் வந்தது. ஆர்கைவிலும் ஒரு வடிவம் உண்டு. சுட்டுபவர்கள் கைக்குக் கிடைத்ததைச் சுட்டுகிறார்கள். கூகுள் ஸ்காலர் இவற்றை ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கிறது. மற்ற தரவுத்தளங்களில் மேற்கோள்கள் துண்டாகப் பிரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் முறையை அறிமுகப்படுத்திய 2017-ஆம் ஆண்டுத் தாளுக்கும் இதே கதைதான். ஒரு பகுதியினர் மாநாட்டுத் தொகுப்பைச் சுட்டுகிறார்கள், இன்னொரு பகுதியினர் ஆர்கைவ் எண்ணைச் சுட்டுகிறார்கள். சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருக்கும் தாள் அது. அதற்கே ஒரே விடை சொல்லும் இரண்டு தரவுத்தளங்கள் கிடைக்காது.

4. டி.ஓ.ஐ. இல்லாத தாள்கள் நழுவுகின்றன. டி.ஓ.ஐ. என்பது ஒவ்வொரு தாளுக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண். ஆதார் மாதிரி என்று சொல்லலாம். தானியங்கிக் கருவிகள் பல இதை வைத்துத்தான் கோடுகளைப் பொருத்துகின்றன. இயந்திரக் கற்றலின் பெரிய மாநாடுகள் பதிப்பகங்களை நம்பாமல் சொந்தத் தளங்களில் இலவசமாகத் தாள்களை வெளியிட்டன. வாசகருக்கு அது நன்மை. ஆனால் அவற்றுக்குப் பல ஆண்டுகள் டி.ஓ.ஐ. இல்லை. கருவிகள் தலைப்பை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் சில நேரம் தவறும்.

5. பெயர். நமக்கு நேரடியாகச் சுடும் இடம் இது. இந்தத் தரவுத்தளங்கள் 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்ற மேற்கத்திய அச்சில் வார்க்கப்பட்டவை. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். முருகன் என்பவர் ஒரு தாளில் எஸ். முருகன், அடுத்ததில் முருகன் எஸ்., வெளிநாட்டு மாநாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்பதால் முருகன் சுப்பிரமணியன். தரவுத்தளத்துக்கு இவர்கள் மூன்று பேர். எதிர்த்திசையிலும் நடக்கும்: எஸ். குமார் என்ற பெயரில் எழுதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சுயவிவரத்துக்குள் விழுந்துவிடுவார்கள். டி.பி.எல்.பி. ஒரே பெயருடையவர்களை 0001, 0002 என்று எண் போட்டுப் பிரிக்கிறது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக 2012-இல் வந்த ஆர்கிட் எண்ணும் இதற்காகத்தான். அந்த எண்ணை முதல் தாளிலிருந்தே ஒருவர் பயன்படுத்தினால் பாதித் தலைவலி போகும்.

இம்பாக்ட் ஃபாக்டர் மாநாட்டுக்கு ஏன் இல்லை?

'அந்த மாநாட்டின் இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு' என்று படிவங்களில்கூடக் கேட்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. இம்பாக்ட் ஃபாக்டர், கிளாரிவேட் ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்விதழ் அறிக்கையில் வரும் எண். கணக்கு எளிது: ஓர் ஆய்விதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வெளியிட்டது, அவை 2024-இல் 600 முறை சுட்டப்பட்டன, இம்பாக்ட் ஃபாக்டர் 3.0. ஆய்விதழ்களுக்கு மட்டுமே இந்த எண் தரப்படுகிறது.

இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. ஓர் ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரைப் போடும்போது, மாநாட்டு அட்டவணையில் உள்ள தாள்கள் அந்த இதழுக்குத் தந்த மேற்கோள்களும் சேர்த்து எண்ணப்படுகின்றன. மாநாடுகள் ஆய்விதழ்களின் மதிப்பை உயர்த்துகின்றன. மாநாடுகளுக்கு அதே மதிப்பெண் மட்டும் கிடையாது.

ஸ்கோபஸ் தரும் சைட்ஸ்கோர் கொஞ்சம் பரவாயில்லை. நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. தொடர்ந்து வரும் மாநாட்டுத் தொகுப்புகளுக்கும் எண் தருகிறது. எச்5-இன்டெக்ஸ் என்பது கூகுள் ஸ்காலரின் அளவு. கடந்த ஐந்து முழு ஆண்டுகளில் வந்த தாள்களுக்கு மட்டும் எச்-இன்டெக்ஸ் போட்டால் அது. இங்கே காட்சியே மாறிவிடும்: நேச்சர், சயின்ஸ், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், முதல் ஐந்து இடங்களுக்குள் சி.வி.பி.ஆர். மாநாடு வந்து நிற்கும்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எச்5-இன்டெக்ஸ் அளவில் பெரிய மாநாட்டுக்குச் சாதகமானது. ஆண்டுக்கு 2,700 தாள் வெளியிடும் மாநாட்டில் 400 தாள் 400 முறை சுட்டப்படுவது நடக்கக்கூடியது. நிரல்மொழிக் கோட்பாட்டின் பாப்பில் மாநாடு ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு தாள் மட்டுமே வெளியிடுகிறது. ஒவ்வொரு தாளும் மணியாக இருந்தாலும் அந்த உயரத்தை அது எட்டுவது மிக அரிது. கோட்பாட்டுத் துறைகளில் மேற்கோள் மெதுவாகத்தான் சேரும் என்பதும் உண்டு.

மாநாடு ஆய்விதழாக வேடம் மாற்றியது

எண்ணும் முறையை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், மாநாடுகள் தங்கள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. கணினி வரைகலையின் சிக்கிராஃப் மாநாட்டுத் தாள்கள் 2002-இலிருந்தே கணினியாளர் சங்கமான ஏ.சி.எம்.மின் வரைகலை ஆய்விதழில் ஓர் இதழாக வருகின்றன. தரவுத்தளத் துறையினரின் மாநாடான வி.எல்.டி.பி. 2008-இல் ஆய்விதழ் வடிவத்துக்கு நகரத் தொடங்கியது. பாப்பில் தாள்கள் 2018-இலிருந்து ஏ.சி.எம்.மின் நிரல்மொழி ஆய்விதழில் அச்சாகின்றன.

2017 ஜனவரி பாப்பிலில் வந்த தாள் மாநாட்டுத் தாள். 2018 ஜனவரி பாப்பிலில் வந்த தாள் ஆய்விதழ்க் கட்டுரை. அதே சமூகம், அதே கண்டிப்பு. பல்கலைக்கழகப் படிவத்தில் மட்டும் இரண்டும் வேறு வேறு கட்டத்தில் விழும்.

சிக்கிராஃபில் இன்னும் ஒரு படி. 2022-இலிருந்து அங்கே இரண்டு பாதைகள். ஒரே அரங்கில் அடுத்தடுத்துப் பேசும் இருவரில் ஒருவருடைய தாள் ஆய்விதழில் வரும். மற்றவருடையது மாநாட்டுத் தொகுப்பில் வரும். முதலாமவருக்கு இம்பாக்ட் ஃபாக்டர் உண்டு, இரண்டாமவருக்கு இல்லை. வெளியீட்டு வடிவத்தை வைத்துத் தரத்தை அளப்பது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இந்த மாதிரிப் பழைய கதை ஒன்றும் உண்டு. கூகுளின் அடித்தளமான தேடுபொறித் தாளை செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998-இல் ஓர் இணைய மாநாட்டுக்குத்தான் அனுப்பினார்கள். அந்த மாநாட்டின் தொகுப்பு ஓர் ஆய்விதழின் சிறப்பிதழாக வந்ததால், பல பட்டியல்களில் அது ஆய்விதழ்க் கட்டுரை என்றே இருக்கிறது.

இந்தியாவில் இதன் விளைவு

மத்தியக் கல்வி அமைச்சின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, ஆய்வுக்கான மதிப்பெண்ணை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுகளிலிருந்து எடுக்கிறது. கல்லூரியின் இடம் அந்த எண்ணில் தொங்குகிறது. ஆகவே தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் ஆய்வாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'ஸ்கோபஸ்ல வருமா?' என்பதாகிவிட்டது.

இங்கேதான் 'மாநாடு' என்ற சொல் இரண்டாகப் பிளக்கிறது. முதல் வகை, மேலே சொன்ன, நூற்றுக்கு இருபத்தைந்து மட்டும் ஏற்கும் மாநாடு. இரண்டாம் வகை, 'பன்னாட்டு மாநாடு' என்று சுவரொட்டி அடித்து, கட்டணம் கட்டியவர்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டு, 'ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு' என்று பெரிய எழுத்தில் போடுவது. இரண்டின் தாள்களும் ஸ்கோபஸில் ஒரே வகையாக, 'மாநாட்டுத் தாள்' என்று பதிவாகின்றன. அட்டவணையில் இருப்பது நுழைவுச் சீட்டு மட்டும்; தரச்சான்று ஆகாது.

இரண்டாம் வகையைக் கண்டு எரிச்சலடைந்த நிர்வாகங்கள், மாநாட்டையே ஒட்டுமொத்தமாகக் குறைத்து மதிப்பிட ஆரம்பிக்கின்றன. விதிகளும் அப்படித்தான் வந்தன. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆய்விதழில் ஒரு கட்டுரையும், மாநாடுகளில் இரண்டு வாசிப்புகளும் வேண்டும் என்றது. மாநாடு என்றால் போய் 'வாசித்துவிட்டு' வரும் இடம் என்ற எண்ணம் அந்த விதியிலேயே தெரிகிறது. நியூரிப்ஸில் தாள் ஏற்கப்பட்ட மாணவருக்கும், பக்கத்து ஊர்க் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேசியவருக்கும் அந்த விதியில் வித்தியாசம் இல்லை. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் விதி வைத்துக்கொள்ளலாம். பழைய எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆய்விதழ் என்ற பெயரும் காவல் இல்லை

சரி, ஆய்விதழை மட்டும் எண்ணினால் குறைந்தபட்சம் பாதுகாப்பாவது உண்டா? மாநாடு, கூகுள் ஸ்காலர், ஆய்விதழ் மூன்றிலும் நடந்த மூன்று நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், அர்த்தமில்லாத கணினி அறிவியல் தாள்களைத் தானாக எழுதும் ஸை-ஜென் என்ற நிரலைச் செய்தார்கள். தரம் பார்க்காத மாநாடுகளை அம்பலப்படுத்துவது நோக்கம். பிறகு வேறு ஆட்கள் அதைப் பயன்படுத்தி நிஜமாகவே தாள்களை நுழைத்துவிட்டார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர் சிரில் லாபே அவற்றைக் கண்டுபிடித்துச் சொன்னதும், 2014-இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து 120-க்கும் மேற்பட்ட போலித் தாள்களை நீக்கின.

அதே லாபே 2010-இல் இன்னொன்று செய்து காட்டியிருந்தார். ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, அதே நிரலால் நூறு தாள்களை எழுதவைத்து, ஒன்றையொன்று சுட்டவைத்து இணையத்தில் போட்டார். கூகுள் ஸ்காலர் அந்த இல்லாத மனிதருக்கு 94 என்ற எச்-இன்டெக்ஸ் கொடுத்தது. எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணுக்குக் குப்பையும் தெரியும்.

மூன்றாவது, 2023. ஹிந்தாவி பதிப்பகத்தின் ஆய்விதழ்களிலிருந்து ஒரே ஆண்டில் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கணினி நுண்ணறிவு சார்ந்த இதழ்களும் அதில் உண்டு. பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை. இவை இம்பாக்ட் ஃபாக்டர் உள்ள, அட்டவணையில் இருந்த ஆய்விதழ்கள். அவற்றில் வெளியிட்டுப் பதவி உயர்வுக்குக் கணக்குக் காட்டியவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

மேற்கோளை விட்டு வேறு வழி உண்டா?

ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கோர் பட்டியல், மாநாடுகளை ஏ-ஸ்டார், ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறது. சீனக் கணினிக் கூட்டமைப்பும் ஏ, பி, சி பட்டியல் வைத்திருக்கிறது. இவற்றில் நிபுணர்களின் கருத்துக்கும் இடம் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி பெர்கர் நடத்தும் சி.எஸ்.ரேங்கிங்ஸ், மேற்கோளைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு துணைத்துறையிலும் சில உச்ச மாநாடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எத்தனை தாள் என்று டி.பி.எல்.பி. தரவை வைத்து எண்ணுகிறது. ஐந்து பேர் எழுதிய தாள் என்றால் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளும் மேற்கோள் வளையம் அமைத்து இதை ஏமாற்ற முடியாது.

குறை இல்லாமல் இல்லை. தேர்ந்தெடுத்த மாநாடுகளுக்கு வெளியே உள்ள ஆய்வு அதற்குத் தெரியாது. தமிழ், கன்னடம், மலையாளத்துக்கான மொழித் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட மொழிகளுக்கான தனிப் பட்டறை 2021-இலிருந்து கணினி மொழியியல் மாநாடுகளோடு சேர்ந்து நடக்கிறது. தமிழில் வெறுப்புப் பேச்சைக் கண்டறிவது போன்ற வேலைகள் வெளியாகும் இடம் அதுதான். பட்டறைத் தாள் என்பதால் சி.எஸ்.ரேங்கிங்ஸில் அதற்கு எண் இல்லை.

உச்ச மாநாடு ஏற்றதா இல்லையா என்பதிலும் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. 2014-இல் நிப்ஸ் மாநாட்டின் பொறுப்பாளர்கள் கொரின்னா கோர்ட்டஸும் நீல் லாரன்ஸும் தங்கள் மாநாட்டையே சோதித்தார்கள். 166 தாள்களை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார்கள். 43 தாள்களில் ஒரு குழு ஏற்றது, மற்றது மறுத்தது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேல் இன்னொரு குழுவிடம் போயிருந்தால் நிராகரிக்கப்பட்டிருக்கும். தன் பலவீனத்தைத் தானே அளந்து வெளியிட்ட அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

ஓர் எண்ணைக் காட்டினால் கேட்க வேண்டியவை

1. எந்தத் தரவுத்தளம், அதில் எந்தப் பெட்டி, எந்தத் தேதியில் எடுத்தது? இந்த மூன்றும் இல்லாத மேற்கோள் எண்ணை ஒப்பிடவே முடியாது.

2. ஒப்பிடப்படும் இருவரும் ஒரே துணைத்துறையா? இயந்திரக் கற்றலில் ஆயிரம் மேற்கோள் வாங்குவதும், கோட்பாட்டில் நூறு வாங்குவதும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடியவை அல்ல.

3. மாநாடு என்றால், கடந்த மூன்று ஆண்டுகளின் ஏற்பு விகிதமும் குழுவில் இருப்பவர்களின் பெயர்களும் வெளிப்படையாக இருக்கின்றனவா? துறையில் நீங்கள் படித்து மதிக்கும் ஆட்கள் அங்கே எழுதுகிறார்களா? டி.பி.எல்.பி.யில் அந்த மாநாட்டின் பக்கத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. 'ஸ்கோபஸில் வரும்' என்று சொல்லும் மாநாட்டின் முந்தைய ஆண்டுத் தொகுப்பு உண்மையிலேயே ஸ்கோபஸில் ஏறியிருக்கிறதா? ஸ்கோபஸின் மூலப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள முத்திரையை அல்ல.

5. இவ்வளவும் பார்த்த பிறகு, அந்தத் தாளைத் திறந்து முதல் இரண்டு பக்கமாவது படித்தீர்களா? தேர்வுக் குழுவில் உட்காருபவரிடம் இதைக் கேட்பதற்கு வேட்பாளருக்கு முழு உரிமை உண்டு.